மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் பொன்முடிக்குப் போனேன்

பிப்ரவரி 7, சனிக்கிழமை, காலை 6.20. திருவனந்தபுரம், கிழக்கேகோட்டை. ஆள் ஒன்று, பை ஒன்று, வாசிக்க மிச்சமிருக்கும் ஓலை ஒன்று.

ஓலை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று என்றால் கல்யாணம் நிச்சயம். இந்த ஓலையில் மாப்பிள்ளை பெயர் வில்சன், வயது 56, டாக்சி ஓட்டுநர். பெண் பெயர் ரோஸ்லெட், வயது 51, பழவங்காடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பெண் என் அம்மா.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மா தமிழ்நாட்டு எல்லையோரம் பாறசாலையில் தனியாக இருக்கிறாள். நான் சென்னையில் லிஃப்ட் கன்ட்ரோல் பேனல்களைப் பழுது பார்க்கிறேன். ஜனவரி 25 அன்று முதல் ஓலை வாசித்த விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், பாறசாலையில் இருக்கும் பள்ளித் தோழன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினான். அம்மாவைக் கூப்பிட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அவள் அமைதியாக, "சொன்னேனே மக்களே, எத்தன தடவ சொன்னேன்" என்றாள். அப்பட்டமான பொய் என்று நினைத்தேன், அதையும் சொன்னேன். பிறகு, "உனக்கு வேண்டாம்னா வேண்டாம். மூணாவது ஓலைக்கு முந்தி சொல்லிரு. நான் போதகர்கிட்ட சொல்லி நிறுத்திக்கிடுதேன்" என்றாள். நான் போனை வைத்தேன். அதற்குப் பிறகு பதின்மூன்று நாள் நானும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

ஆக இந்தப் பயணத்தின் நோக்கம் சுற்றுலா இல்லை. அந்த வில்சனைப் பரிசோதிப்பது. பரிசோதிக்காமல் எதற்கும் சரி என்றோ தவறு என்றோ நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஓர் ஓட்டுநரைப் பரிசோதிக்க 58 கிலோமீட்டர் தூரமும் 22 கொண்டை ஊசி வளைவும் உள்ள பாதையைவிட நல்ல கருவி கிடையாது. பொன்முடியைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

வியாழன் மாலை எழும்பூரில் ரயில் ஏறினேன். ஸ்லீப்பர், 450 ரூபாய்க்குள். வெள்ளி மதியம் திருவனந்தபுரம். தம்பானூரில் அறை வாடகை 900. சுத்தம் பரவாயில்லை, வெந்நீர் வரவில்லை. அம்மா வேலை செய்யும் கடை அங்கிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம். போகவில்லை.

மறுநாள் காலை கிழக்கேகோட்டையில் டாக்சிகள் நிற்கும் இடத்தில் வில்சன் என்று விசாரித்ததும் கை காட்டினார்கள். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, காதோரம் நரை. காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போணும் சார்?"

"பொன்முடி. போய்த் திரும்பி வர."

"ரெண்டாயிரத்து எண்ணூறு. வெயிட்டிங் அதுல சேரும். சார் பேரு?"

"ரமேஷ்" என்றேன். இப்படி ஒரு பெயரை ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஏறுவதற்கு முன் நான்கு டயரையும் குனிந்து பார்த்தேன். பின்டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் துணியை உதறி மடித்து வைத்தார்.

6.35க்குக் கிளம்பினோம். நெடுமங்காடு 18 கிலோமீட்டர், 7.15. சீட் பெல்ட் போட்டார், சரி. போன் பேசவில்லை, சரி. ஒரு பஸ்காரன் முன்னால் வெட்டியபோது ஹாரனில் கை வைக்கவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டேன். விதுரை 37 கிலோமீட்டர், 7.50. இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு தோசை, ஒரு சாயா, 70 ரூபாய். பெட்ரோலும் இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், மேலே கிடைக்காது. நான் தோசை தின்றபோது அவர் காருக்குப் பின்னால் நின்று யாரிடமோ போனில் பேசினார். வண்டி ஓடும்போது பேசவில்லை என்பதால் அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

கல்லாறு தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடி. 8.35. ஆள் இரண்டு, கார் ஒன்று, சேர்த்து 120 ரூபாய். போனில் பணம் அனுப்பினேன். சாவடியில் இருந்தவர் திரையைப் பார்த்து உரக்கப் படித்தார். "ஜெபின் ராஜ், நூற்றி இருபது. பைசா வந்நு கேட்டோ. போய்க்கோ!"

முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது, எண்ணுவது சுலபம். வில்சன் இரண்டாவது கியரில் எஞ்சின் முனகாமல் ஏற்றினார். ஆறாவது வளைவைத் திருப்பி முடித்ததும் வாயைத் திறந்தார்.

"ரமேஷ்னு வீட்ல கூப்பிடுவாங்களோ?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"கிழக்கேகோட்டயிலயே தெரிஞ்சுது தம்பி. டயரப் பாக்கும்போ நெத்திய சுருக்கினியளே, அப்படியே உங்க அம்மை. காலாவதி தேதி பாக்கும்போ அவளும் அப்படித்தான் சுருக்குவா."

"அப்ப ஏன் சொல்லல?"

"அம்மைகிட்ட விதுரையிலேந்து கேட்டேன். பையன் வந்திருக்கான், என்ன செய்யன்னு. 'ஒண்ணும் தெரியாத மாதிரி இரியும். அவன் பரிசோதிச்சிட்டுப் போட்டும், இல்லேன்னா அவனுக்கு ஒறக்கம் வராது'ன்னா." ஏழாவது வளைவைத் திருப்பினார். "பின்டயர் மாத்தணும், தெரியும். அடுத்த மாசம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் திரும்பிப் போகச் சொல்ல மனமில்லை. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றானதும் நேராகவே கேட்டேன். நான் எப்போதும் நேராகக் கேட்கிற ஆள்தான். அன்று காலைதான் எதற்கோ வளைந்துவிட்டேன்.

"எங்கம்மா உங்களுக்கு எதுக்கு?"

எதிரே இறங்கிய ஜீப்புக்கு ஒதுங்கி வழி விட்டார்.

"எனக்குப் பிரஷர் உண்டு. உங்க அம்மை கடையிலதான் மாத்திர வாங்குவேன். ஒரு பட்டையில பத்து. பத்து நாளைக்கொருக்க போகணும். ஒருக்க பன்னண்டாம் நாள் போனேன். கடையில நல்ல கூட்டம். பட்டைய எடுத்து வச்சிட்டு, 'ரெண்டு நாள் தின்னலியா?'ன்னு கேட்டா." கியரை மாற்றினார். "என் பெண்டாட்டி போய்ப் பதினொரு வருசம். பிள்ளைகளும் இல்ல. நான் தின்னேனா இல்லியான்னு ஒருத்தரும் கணக்கு வச்சதில்ல தம்பி. அன்னைக்குக் காசு குடுக்காம வந்துட்டேன். பொறகு ஓடிப்போய்க் குடுத்தேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. காதல் என்றால் அதற்கு ஏதாவது பெரிய காரணம் இருக்கும், அதை உடைத்துவிடலாம் என்று தயாராக வந்திருந்தேன். ஒரு பட்டையில் பத்து மாத்திரை என்பதை எப்படி உடைப்பது?

மேலே 9.25க்குச் சேர்ந்தோம். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காட்சி பார்க்க வந்திருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அவர் சரிவில் கைகாட்டி, "அங்க கீழ தேயில எஸ்டேட் லைன் வீடு இருக்கு. நான் பொறந்தது அங்கதான். எங்கம்மை கொழுந்து நுள்ளுனவ" என்றார். அங்கே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. இருந்தாலும் இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். சட்டைக்குள் குளிர் ஏறியது. காரிலிருந்து தன் ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். காரின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். இரண்டு நிமிடம் பொறுத்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "உங்களுக்கு என்னயப் பிடிக்கலேன்னா அது வேற. நீங்க வேண்டாம்னா நாளைக்கு நான் சர்ச்சுக்கு வரல, அம்மைகிட்டயும் சொல்லிட்டேன். ஆனா அம்மை சொன்னத ஏன் பொய்னு சொன்னிய? அதுதான் அவளுக்கு ஆறல."

"அவங்க சொல்லவே இல்ல."

"ஆறு மாசமா சொல்லுதாளே."

"எங்க? எப்ப?"

"கேமராவுலதான்!"

இந்த இடத்தில் கேமரா பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துத் தூக்கும்வரை ஒரு மணி நேரம் கிடந்தாள். அடுத்த வாரமே நான் போய் ஹாலில் ஒரு கேமரா மாட்டினேன். பைபிள் வசன காலண்டர் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், நல்ல கோணம். ஆள் அசைந்தால் பச்சை விளக்கு எரியும், எனக்குப் போனில் செய்தி வரும். மாட்டிய அன்று அம்மாவை அதன் முன்னால் நிற்கவைத்து, வாசலுக்குப் போய்ப் போனில் பேசிக் காட்டினேன். "பாத்தியா? நான் இதுல உன்ன பாக்கலாம். நீ பேசினா எனக்குக் கேக்கும்." அவளுக்கு அது பெரிய ஆச்சரியம்.

சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் மெமரி கார்டு சீக்கிரம் நிறைகிறது என்று ஒலிப்பதிவை நிறுத்தினேன். அங்கிருந்தே, ஒரே தொடுதல். விழுந்தால் தெரிய வேண்டும், அதற்குப் படம் போதும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

தினமும் ராத்திரி ஒன்பதே காலுக்கு அம்மா கேமராவின் முன்னால் வந்து நிற்பதும் வாய் அசைவதும் எனக்குத் தெரியும். ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வசன காலண்டர்தானே இருக்கிறது. அவள் நல்லபடியாக இருக்கிறாள் என்று அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

வில்சன் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒருநாள் போன்ல பேசிட்டிருக்கும்போ, 'பொறும், மோன்கிட்ட குட் நைட் சொல்லிட்டு வாறேன்'னா. கேமராவுலன்னு பொறகுதான் தெரிஞ்சுது. பதில் வருமான்னு கேட்டேன். பச்ச லைட்டு எரியும், அது போதும்னா. என்னயப் பத்தியும் அதுலதான் சொன்னா. உங்க முகத்தப் பாத்துச் சொல்ல வெக்கம். போன்ல சொன்னா 'சீக்கிரம் சொல்லும்மா, மீட்டிங்'ம்பியளாம். 'கேமராவுல எல்லாம் சொல்லிட்டேன், அவன் ஒண்ணும் சத்தம் போடல, அவனுக்குச் சம்மதந்தான்'னு எங்கிட்ட வந்து சிரிச்சா. அதுக்கப்புறந்தான் போதகரப் போய்ப் பாத்தோம்."

நான் போனை எடுத்தேன். மேலே சிக்னல் ஒரே கோடு. பதின்மூன்று நாள் கோபத்தில் அந்தச் செயலியைத் திறக்கவே இல்லை. மெதுவாகத் திறந்தது. ஜனவரி 25, இரவு 9.14. நான் கத்திவிட்டுப் போனை வைத்த அதே ராத்திரி. அம்மா வந்து நிற்கிறாள், முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், வாய் அசைகிறது, 22 நொடி. 26ஆம் தேதி, 9.16. 27ஆம் தேதி, 9.13. நேற்று, 9.15. எண்ணினேன். பதின்மூன்று ராத்திரி, பதின்மூன்று படம். ஒன்றிலும் சத்தம் இல்லை. நேற்றையதில் கடைசியில் லேசாகச் சிரித்து, கேமராவைத் தூசி தட்டுவதுபோல முந்தானையால் ஒற்றிவிட்டுப் போனாள்.

மஞ்சு நல்லது. பக்கத்தில் நிற்பவருக்கு முகம் சரியாகத் தெரியாது.

"ஆடியோவ ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் "அய்யோ எண்டெ மோனே" என்றார். அவ்வளவுதான். நியாயம் பேசவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தார், பால் இல்லை, சர்க்கரை அதிகம். நான் வழக்கமாகச் சர்க்கரை போட்டுக் குடிப்பதில்லை. முழுதும் குடித்தேன்.

10.40க்கு இறங்கத் தொடங்கினோம். "பாறசாலை போங்க" என்றேன்.

"அது சுத்து. கூடுதல் இருபத்தி நாலு கிலோமீட்டர், கிலோமீட்டருக்குப் பதினெட்டு."

"சரி."

"சவாரின்னா சவாரிதான். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. அன்று முழுக்க எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். 3,232 ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

மதியம் 1.30. அம்மா கேட்டைத் திறந்து நின்றாள். பதின்மூன்று நாள் கழித்து அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"டயர் கொள்ளாமா மக்களே?"

"முன்னாடி ரெண்டும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பின்னாடி ரெண்டும் மாத்தணும்."

"நானும் சொன்னேன், கேட்டாத்தானே." வில்சன் பக்கம் ஒரு பார்வை. அவர் காருக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

வாசலில் நின்றபடியே சொன்னேன், உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று தெரியும். கேமராவில் ஒலி கிடையாது, நான்தான் நிறுத்தினேன், நீ சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை, நீ பொய் சொல்லவில்லை. அம்மா என்னையே பார்த்தாள்.

"ஒண்ணுமே கேக்கலியா?"

"இல்ல."

"ரெண்டு வருசமா?"

"இல்லம்மா."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி ஹாலுக்குள் தெரிந்த கேமராவைப் பார்த்தாள். "அப்ப நான் பொங்கல் அன்னைக்கு உன்ன வாய்க்கு வந்தபடி வஞ்சதும் கேக்கலியா?"

"எதுக்கு வஞ்ச?"

"லீவு இருந்தும் வரலேல்லியா. போட்டும், கேக்காததும் நல்லதுக்குத்தான்." சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துப் பார்த்து, "இது அவருக்கது" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

ஞாயிறு காலை ஆராதனை 7.30க்கு. ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் நான், பக்கத்தில் வில்சன். 8.50க்குப் போதகர் ஓலையை வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தியபோது முன்வரிசைத் தலைகள் ஏழெட்டு என் பக்கம் திரும்பின. ஊருக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? நான் எதிர்ப்பக்கம் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, குனிந்திருந்தாள். மனதுக்குள் நொடிகளை எண்ணினேன். எட்டு. ஒரு லிஃப்ட் கதவு முழுதும் திறந்து மூடும் நேரம். பிறகு போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போனார். வில்சன் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

பொன்முடி போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காலை ஏழுக்கு முன் நகரத்தை விட்டுக் கிளம்புங்கள். பஸ் குறைவு, தம்பானூர் பஸ் நிலையத்தில் நேரம் கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள். மாலையில் சாவடியை எப்போது மூடுவார்கள் என்பதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வருபவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். குளிருக்கு ஏதாவது கொண்டுபோங்கள். எல்லா ஓட்டுநரும் ஸ்வெட்டர் தரமாட்டார்கள். நீங்கள் போகும் நாளில் மஞ்சு மூடி ஒன்றும் தெரியவில்லை என்றால் உடனே இறங்கிவிட வேண்டாம். ஒரு மணி நேரம் நில்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது தனியாக இருந்து, அங்கேயும் நான் மாட்டியது போல ஒன்றை நீங்கள் மாட்டியிருந்தால், அதில் என்ன ஓடுகிறது, என்ன ஓடவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. வியாழன் 12ஆம் தேதி காலை 10.30க்குக் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்று வைத்த தேதி. வெள்ளி வரை விடுப்பு கேட்டிருக்கிறேன். தராவிட்டாலும் அதற்கு முன் சென்னைக்குத் திரும்பமாட்டேன்.

2. வில்சனின் காருக்குப் பின்டயர் இரண்டு. வேண்டாம் என்பார். பரிசோதனையில் தோற்ற வண்டியில் என் அம்மா ஏறமாட்டாள் என்று சொல்லப்போகிறேன்.

3. அலமாரியில் இருக்கும் அப்பாவின் சட்டைகளில் இரண்டை நான் எடுத்துக்கொள்வது. மற்றதை அம்மா என்ன செய்தாலும் கேட்காமல் இருப்பது. ஹாலில் உள்ள அப்பாவின் படம் அங்கேயே இருக்கட்டும் என்று வில்சன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

4. அவரை என்னவென்று கூப்பிடுவது என்று முடிவு செய்வது. இப்போதைக்கு எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் நேரே பேச ஆரம்பித்துவிடுகிறேன். ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாது.

5. கேமராவை ஹாலிலிருந்து கழற்றி வெளியே கேட்டில் மாட்டுவது.

6. ஆறு மாதக் கதையையும் அம்மாவை முதலிலிருந்து சொல்லவைத்துக் கேட்பது. நேற்று தேங்காய் துருவிக்கொண்டே ஆரம்பித்தாள். இன்னும் செப்டம்பரைத் தாண்டவில்லை.

7. தினமும் ராத்திரி ஒன்பதே காலுக்கு நான் போன் செய்வது. குட் நைட்டை முதலில் நான் சொல்வது. பிறகு அவள் வைக்கும்வரை வைக்காமல் இருப்பது.